ஒயினில் வந்த தேங்காய் வாசம்

"தேங்காய்!" என்றார் அந்த மனிதர்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை. மலைப்பாதையில் கார் ஏறி வரவே யோசிக்கும்படியான நாள். ஒயினரியின் டேஸ்டிங் ரூமில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். நனைந்த கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்து நின்றவருக்கு, ஷார்டனே என்கிற வெள்ளை ஒயினை ஒரு விரற்கடை ஊற்றி நகர்த்தினேன். எப்போதும் அதைத்தான் முதலில் ஊற்றுவோம். கிளாஸைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். மறுபடியும் மூக்கை விட்டார்.

"தேங்காயேதான். சந்தேகமே இல்லை. உனக்கு வருகிறதா?"

இன்னொரு கிளாஸில் ஊற்றி நானும் மோந்து பார்த்தேன். எனக்கு வந்த வாசம் வேறு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தேங்காய் மட்டும் வரவே இல்லை. இத்தனைக்கும் பொள்ளாச்சியில், வாசலைத் தாண்டினால் தென்னந்தோப்பு என்கிற வீட்டில் பிறந்தவள் நான். அமெரிக்காக்காரனுக்குத் தெரிகிற தேங்காய் எனக்குத் தெரியவில்லை என்றால் வெட்கக்கேடு இல்லையா?

"யெஸ், யெஸ்" என்றேன்.

அந்த இரண்டு யெஸ்ஸுக்காக நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

குடிக்காதவளுக்குக் கிடைத்த வேலை

போன வாரம் கிரீன் கார்டு தபாலில் வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'கார்டு வந்ததும் ஒயின் விற்கப் போனீர்களாமே, நீங்கள் குடிப்பீர்களா?' என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி வேறு. அம்மணி, இன்றுவரை ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. போதுமா?

கார்டு வருவதற்கு முன்னால் மூன்றரை வருஷம், சன்னிவேலில் ஓர் அபார்ட்மென்டின் இரண்டாவது மாடியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். டிபெண்டன்ட் விசாவில் வந்த மனைவி வேலைக்குப் போகக்கூடாது. என் மகள் மது பிறந்தாள், நடந்தாள், டேகேருக்கும் போய்விட்டாள். நான் மட்டும் அதே சோஃபாவில் இருந்தேன். என் பாட்டனி டிகிரி சூட்கேஸுக்குள் மடங்கிக் கிடந்தது.

"டெஸ்டிங் கோர்ஸ் சேந்துக்க புள்ள. அல்லாரும் அதத்தான் படிக்கறாங்க. ஆறு மாசத்துல ஜாப்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். அவர் பெயர் துரைசாமி. ஆபீஸில் 'துரை' என்று கூப்பிடுவார்கள்.

சேர்ந்தேன். இரண்டாவது வகுப்பிலேயே தூங்கிவிட்டேன். கம்ப்யூட்டருக்கும் எனக்கும் அன்று ஆரம்பித்த மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை.

அப்போதுதான் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். மலைமேல் ஒரு சின்ன ஒயினரிக்கு ஆள் வேண்டும், செடிகொடி தெரிந்தவராக இருந்தால் நல்லது என்று போட்டிருந்தார்கள். வீட்டில் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனேன். சாரட்டோகா தாண்டியதும் வளைந்து வளைந்து ஏறும் பாதை. டிரைவிங் லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. பின்னால் வந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்தன. அடிக்கட்டும் என்று போனேன்.

முதலாளி வால்டருக்கு அறுபது வயதிருக்கும். முப்பது வருஷம் ராக்கெட் செய்கிற கம்பெனியில் இன்ஜினியராக இருந்துவிட்டு, வந்த பணத்தையெல்லாம் இந்தத் திராட்சைத் தோட்டத்தில் போட்டவர். நக இடுக்கில் எப்போதும் மண் இருக்கும். அவர் மனைவி டோரிஸ் கணக்கு வழக்கும் டேஸ்டிங் ரூமும் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வருஷம் பூராவும் அலர்ஜி, மூக்கு அடைத்தே இருக்கும்.

"குடிப்பாயா?" என்று கேட்டார் வால்டர்.

"மாட்டேன்."

"நல்லது. உனக்கு முன்னால் இருந்தவன் நான் செய்ததில் பாதியைக் குடித்துவிட்டான்."

வேலை கிடைத்துவிட்டது. டோரிஸ்தான் சட்டதிட்டம் சொன்னாள். செண்ட் கூடாது, வாசனை லோஷன் கூடாது, தலையில் பூ கூடாது, ஒயினுக்கு முன்னால் இன்னொரு வாசம் வந்து நிற்கக்கூடாது. "நான் ஆயுசில் செண்ட் போட்டதே இல்லை" என்று பெருமையாகச் சொன்னேன். மறுநாள் காலையில் எப்போதும் போலத் தலைக்கு எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, ஒற்றைப் பின்னல் போட்டுக்கொண்டு, பொட்டோடு போய் நின்றேன். பெயர் கனகமணி என்றேன். வால்டருக்கு நாக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. 'கனா' ஆக்கிவிட்டார்.

எச்சில் வாளி

அந்த வேலையில் எனக்கு முதலில் ஒத்துவராதது வாளிதான்.

கவுன்ட்டர்மேல் ஒரு பித்தளை வாளி இருக்கும். பத்து ஒயின் ருசி பார்க்கிறவர்கள் பத்தையும் விழுங்கினால் வீட்டுக்குக் கார் ஓட்ட முடியாது. அதனால் வாயில் வைத்துக் கொப்பளித்துவிட்டு வாளியில் துப்புவார்கள். எச்சில் பட்ட டம்ளரைத் தொட்டியில் தனியாகப் போடும் வீட்டில் வளர்ந்தவள், ஊரார் துப்பியதைச் சிரித்த முகத்தோடு தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டும். முதல் வாரம் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

கோடைக்காலத்தில் நம்மவர்கள் வருவார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கோல்டன் கேட் பாலம், அப்புறம் ஓர் ஒயின் தோட்டம் என்று எல்லார் வீட்டிலும் அதே டூர்தான். தோட்டத்து மேசையில் புளியோதரையைப் பிரித்துச் சாப்பிடுவார்கள், கொடியைப் பிடித்தபடி போட்டோ எடுத்துக்கொள்வார்கள், கடைசியில் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் பொட்டு வைத்த நான் நிற்பேன்.

"நீங்க தமிழாம்மா?" என்றார் ஒரு மெட்ராஸ் ஆன்ட்டி.

"ஆமா ஆன்ட்டி."

"இங்க என்ன பண்றீங்க?"

"வேலை பாக்கறேன்."

ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, ஹஸ்பண்டுக்கு ஜாப் போயிடுச்சா?"

அவருடைய வீட்டு அங்கிள், ஆன்ட்டி அந்தப் பக்கம் திரும்பின நேரம் பார்த்து, "கொஞ்சம் ட்ரை பண்ணலாமா?" என்றார். ஊற்றினேன். கிளாஸ் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பாதி சட்டையில். வெள்ளைச் சட்டை, சிவப்பு ஒயின். "எச்சில் பண்ண வேணாமேன்னு பாத்தேன்" என்றார் பாவம். உப்பைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னேன். கறை போனதா, ஆன்ட்டிக்கு என்ன பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியாது.

பத்திரிகையில் ஒரு வரி

மழையில் வந்த மனிதர் உணவுப் பக்கத்தில் ஒயின் பற்றி எழுதுகிறவராம். இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் ஷார்டனேயைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். இந்த மலையில் இப்படி அழகான தேங்காய் வாசம் உள்ள ஒயினை நான் பார்த்ததில்லை என்று.

வால்டர் அந்தப் பக்கத்தை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். காரணம் இருந்தது. ஒயினை ஓக் மரப் பீப்பாயில் வைப்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் பிரெஞ்சுப் பீப்பாய் வாங்க, இவர் மட்டும் அமெரிக்க மரத்தில் செய்த பீப்பாய் வாங்கியிருந்தார். அமெரிக்க ஓக் தேங்காய் வாசம் கொடுக்கும், அந்த வாசம் நாகரிகமானதில்லை என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். இப்போது பத்திரிகையே புகழ்ந்துவிட்டது. எழுபது மைல் தாண்டியெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நான் குனிந்து ஊற்றுவேன். அவர்கள் மோந்துவிட்டு, "ஆமாம், தேங்காய்!" என்பார்கள். டோரிஸ் ஒயின் பட்டியல் அட்டையில் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துவிட்டாள்.

"கனா, உனக்கும் வருகிறதுதானே?" என்று வால்டர் அடிக்கடி கேட்பார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

"நன்றாக வருகிறது" என்பேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மூக்கே இல்லை என்று நொந்துகொள்வேன். ஒரு நாள் இது தெரிந்துவிடும், வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எப்போதும் பயந்தேன். மூன்றரை வருஷத்துச் சோஃபா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

அந்த வருஷம் வேரைத் தின்கிற பூச்சி வந்து வால்டரின் தோட்டத்தில் பாதியைச் சாய்த்துவிட்டது. கொடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நட வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ரெஸ்டாரன்ட் நடத்தும் ஒருவர் அந்த வரியைப் படித்துவிட்டுப் போன் செய்தார். தேங்காய்ப்பாலில் மீன் செய்து பரிமாறுகிறாராம், அதற்கு இந்த ஒயின்தான் ஜோடியாம். வந்து ருசி பார்த்துவிட்டு, பிடித்தால் மிச்சம் இருக்கிற பெட்டிகள் அத்தனையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் வாங்கினால் அந்த வருஷமே நடவு. வாங்காவிட்டால் பாதித் தோட்டம் வெறும் மண்ணாகவே கிடக்கும். வால்டர் சுவர்க் காலண்டரில் அவர் வருவதாகச் சொன்ன புதன்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தார்.

பதினாறு நாள்

அந்தச் சமயத்தில்தான் ஊரில் எங்கள் வீட்டுக்காரரின் பெரியப்பா தவறிப்போனார். மாமியார் போனில் அழுதார். அழுது முடித்து என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, பங்காளி வூட்டுத் தீட்டு. பதனாறு முடியற வரைக்கும் தலைக்கு எண்ணெ கிண்ணெ வெச்சுப் போடாத. பூ வெக்காத. அமெரிக்காவுல யாரு பாக்கறாங்கன்னு இருந்துராத சாமி."

பெரியப்பாவை நான் கல்யாணத்தில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் மாமியாரிடம் சரிங்கத்தை என்று சொல்லிவிட்டால் எனக்குச் சொன்னது சொன்னதுதான். தலைக்குக் குளித்துவிட்டு, வறட்டுத் தலையோடு வேலைக்குப் போனேன்.

அந்த வாரமே தேங்காய் காணாமல் போனது.

முதலில் ஒரு தம்பதி வந்தார்கள். மோந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்கே தேங்காய்?" என்றாள் அந்தப் பெண். அடுத்து வந்த நான்கு பேருக்கும் வரவில்லை. வால்டர் புதுப் பாட்டில் திறந்தார், மறுபடி ஒன்று திறந்தார். கார்க்கை மோந்து பார்த்தார். கிளாஸ் கழுவுகிற சோப்பை மாற்றினார். ஐந்தாம் நாள் பீப்பாய் செய்து கொடுத்தவரைப் போனில் கூப்பிட்டுச் சண்டை போட்டார். வால்டர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான்.

"சில சமயம் ஒயின் வாயை மூடிக்கொள்ளும் கனா. திரும்பவும் திறக்கும்" என்றார் என்னிடம். ஆனால் அவர் முகத்தில் அந்த நம்பிக்கை இல்லை. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே டோரிஸிடம் திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் ஓர் அல்ப சந்தோஷமும் இருந்ததை மறைக்கமாட்டேன். இப்போது எல்லாருக்கும் என் மூக்கு ஆகிவிட்டதே!

பதினாறு முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைக்காமல் மண்டை காய்ந்து கிடந்தது. எங்கள் தோப்புக் கொப்பரையை ஆட்டி மாமியார் கொடுத்தனுப்பிய எண்ணெய். வழக்கத்தைவிட இரண்டு பங்கு வைத்துப் பின்னிக்கொண்டு போனேன்.

அன்று முதலில் வந்தவர் கிளாஸைத் தூக்கினார். "ஆகா, தேங்காய்!" என்றார்.

வால்டர் ஓடிவந்தார். அவரும் மோந்தார். "திரும்பி வந்துவிட்டது! முன்னைவிடப் பலமாக வந்திருக்கிறது!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

கிளாஸோடு போனேன்

அந்தச் சந்தோஷத்தில் வந்திருந்த எட்டுப் பேரையும் பீப்பாய் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேங்காய் எங்கே பிறக்கிறது என்று காட்டப் போகிறாராம். நான் கவுன்ட்டரில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து குரல் வந்தது. "கனா, நீ அங்கே ஊற்றினாயே, அந்தப் பாட்டிலைக் கொண்டுவா! இங்கே திறந்ததில் யாருக்கும் தெரியவில்லை."

பாட்டிலையும் ஒரு கிளாஸையும் எடுத்துக்கொண்டு போனேன். ஜில்லென்ற அறை. எட்டுப் பேரும் வட்டமாக, கையில் கிளாஸோடு நின்றார்கள். நடுவில் போய், பாட்டிலைச் சாய்ப்பதற்காகக் குனிந்தேன். பின்னல் முன்னால் வந்து விழுந்தது.

"இதோ! இப்போது வருகிறது!" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் இன்னும் ஊற்றவே ஆரம்பிக்கவில்லை.

பாட்டிலைப் பக்கத்தில் இருந்த பீப்பாய்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் பின்னலை மூக்கில் வைத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. பிறந்ததிலிருந்து தலையில் இருக்கிற வாசம் எனக்கு எப்படி வரும்? செண்ட் போட்டதில்லை என்று பெருமையடித்தேனே, எண்ணெயும் ஒரு வாசனைதான் என்று என் புத்திக்கு எட்டவில்லை. எண்ணெய் எண்ணெய்தானே!

திங்கள், செவ்வாய் டேஸ்டிங் ரூமுக்கு லீவு. இரண்டு நாளும் எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அபார்ட்மென்ட்காரன் சுவரைத் தட்டினான்.

"இதுக்கு எதுக்குப் புள்ள டென்ஷன் ஆகற? புதன்கெழம இன்னும் ரெண்டு கரண்டி சேத்து வெச்சுட்டுப் போ. அந்தாளு வாங்கிட்டுப் போயிருவான். உனக்கும் ஜாப் செக்யூர்."

"வாங்கிட்டுப் போயி அவங்க கடைல ஊத்துவாங்களே, அங்க ஏதுங்க தேங்காய்? ஒவ்வொரு டேபிளுக்குப் பக்கத்துலயும் நான் போயி நிக்கறதா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "சொன்னீன்னா வேலை போயிரும் கனகு" என்றார், இந்தத் தடவை மெதுவாக.

அது எனக்குத் தெரியாதா? வேலை போனால் திரும்பவும் அதே சோஃபா, அதே டெஸ்டிங் கோர்ஸ். சொல்லாவிட்டால் வால்டரின் பெயர் ஊர் முழுக்கக் கெடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷாம்பூ போட்டு மூன்று தடவை தலையை அலசினேன்.

ஜாம் பாட்டில்

புதன்கிழமை சீக்கிரமே போய்விட்டேன். எண்ணெயைக் கொஞ்சம் பழைய ஜாம் பாட்டிலில் ஊற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். வால்டர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். கவுன்ட்டரில் ஜாம் பாட்டிலை வைத்தேன்.

"இதுதான் உங்கள் தேங்காய்" என்று ஆரம்பித்து, பெரியப்பா செத்தது, பதினாறு நாள், பின்னல் எல்லாவற்றையும் சொன்னேன். என் இங்கிலீஷ் அன்று நாலா பக்கமும் ஓடியது. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

மூடியைத் திறந்து மோந்தார். டோரிஸ்தான் பேசினாள். "வாசனை கூடாது என்று முதல் நாளே சொன்னேனே!"

"அது வாசனை இல்லை, எண்ணெய்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

வால்டர் பாட்டிலை மூடினார். "கனா, நான் எத்தனை தடவை உன்னைக் கேட்டேன். உனக்கு வருகிறதா என்று. வருகிறது என்றாயே."

"ஒரு நாளும் வந்ததில்லை."

"அப்புறம் ஏன் சொன்னாய்?"

"எல்லாருக்கும் வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை. எனக்கு மூக்கு இல்லை என்று அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்தேன்."

அவர் வெளியே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடி பிடுங்கிய வெறும் மண்ணில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டடி வைத்தேன். அதற்குள் ரெஸ்டாரன்ட்காரரின் கார் வந்து நின்றது.

வால்டரே ஊற்றினார். வந்தவர் மோந்தார், சுழற்றினார், மறுபடி மோந்தார். "தேங்காய் எங்கே?" என்றார்.

இன்னொரு பாட்டில் திறந்து சமாளிப்பார் என்று நினைத்தேன். வால்டர் ஜாம் பாட்டிலைக் காட்டினார். "அதற்குள் இருக்கிறது" என்று சொல்லி, நான் சொன்ன கதையை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னார். மனிதர் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தார். எண்ணெயை மோந்தார், மறுபடி சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கிளாஸைக் கையில் எடுத்து, "சரி, அப்படியானால் இந்த ஒயினில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டார்.

வால்டர் என் பக்கம் திரும்பினார். "கனா, நீ சொல். உனக்கு என்ன வருகிறது?"

அந்த இடத்தில் சேர்ந்ததிலிருந்து யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. 'வருகிறதா' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். கிளாஸை எடுத்து மோந்தேன். மழை நாளில் வாய் வராமல் விழுங்கிய அதே வாசம் வந்தது.

"கொய்யாக்காய். பழம் இல்லை, காய். அதன் தோல்" என்றேன். "அப்புறம் சிலேட்டு. ஸ்கூலில் ஈரத்துணி வைத்துத் துடைப்போமே, அந்தச் சிலேட்டு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கிளாஸுக்குள் மூக்கை விட்டார்கள். "ஈரச் சிலேட்டு" என்று வால்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எல்லாப் பெட்டியையும் அவர் வாங்கிவிட்டார் என்று எழுத ஆசைதான். வாங்கவில்லை. தேங்காய்ப்பால் மீனுக்கு இது சேராது என்று சொல்லிவிட்டு, மரியாதைக்கு ஏழெட்டுப் பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த வருஷம் நடவு நடக்கவில்லை. பாதித் தோட்டம் மண்ணாகவே கிடந்தது. ஜன்னலைத் துடைக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் துடைத்தேன். டோரிஸ் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாயங்காலம் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கவுன்ட்டரில் வைத்தேன். வால்டர் அதை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"நாளைக்கு வா. எண்ணெய் இல்லாமல் வா" என்றார்.

புது அட்டையில் தேங்காய் இல்லை. கொய்யாக்காய்த் தோல், ஈரச் சிலேட்டு என்று இருந்தது.

கடைசி நாள்

அதன்பிறகு நான் எண்ணெய் வைக்கவே இல்லை. லீவு நாளில் வைத்தால்கூடத் தலையணையில் ஒட்டி மறுநாள் வந்துவிடும் என்று வீட்டிலும் விட்டுவிட்டேன். மாமியார் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, தலை இப்படிப் பறக்குது?" என்று கேட்டார். இந்த ஊர்த் தண்ணி அப்படிங்கத்தை என்றேன். அவரிடம் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. இந்த வாரம் இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

வால்டர் என்னிடம் நிறையக் கேட்டார். ஒவ்வொரு புதுப் பீப்பாயைத் திறக்கும்போதும், "என்ன வருகிறது, கனா?" என்பார். ஊறவைத்த வெந்தயம், புதுத் தீப்பெட்டி, பலாக்கொட்டை என்று வந்ததைச் சொல்வேன், எழுதிக்கொள்வார். ஆனால் "உனக்கு வருகிறதா?" என்று அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நான் அதைக் கவனிக்காமல் இல்லை. என்னுடைய ஆமாமை அவர் திரும்ப நம்பவில்லை, அவ்வளவுதான். அதைப் பற்றிக் கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

வருஷங்கள் ஓடின. காலித் தோட்டத்தில் ஒருவழியாகப் புதுக் கொடி நட்டார். அது முதல் காய் காய்த்த சமயம், சன்னிவேலில் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்தன. எங்கள் வீட்டுக்காரர் கம்பெனியும் அதில் போயிற்று. டெக்சாஸில் வேலை கிடைத்து, அங்கே காப்பெல் என்கிற ஊரில் வீடு பார்த்துவிட்டு வந்தார். ஒயினரியில் சொல்லிக்கொண்டேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் வால்டர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வா" என்றார்.

காலையில் வைத்துப் பின்னிக்கொண்டேன். மது கண்ணாடிக்குள் என்னைப் பார்த்து, "அம்மா, யூ லுக் லைக் யுவர் பாஸ்போர்ட்" என்றாள்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வால்டர் உள்ளேயிருந்து ஒரு பாட்டில் கொண்டுவந்தார். அந்தத் தேங்காய் வருஷத்து ஷார்டனே. கடைசிப் பாட்டில் என்றார். என்னை ஊற்றச் சொன்னார். குனிந்தேன், பின்னல் முன்னால் வந்து விழுந்தது. தள்ளிவிடப் போனேன். "இருக்கட்டும்" என்றார்.

மூக்கை உள்ளே விட்டு வெகுநேரம் நின்றார். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"நான் செய்ததிலேயே நல்ல ஒயின் இதுதான்" என்றார்.

பிறகு இன்னொரு கிளாஸில் ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். நகர்த்திய கையை எடுக்காமல், என்னைப் பார்த்தார்.

"உனக்கு வருகிறதா, கனா?"

கிளாஸை எடுத்தேன். கொய்யாக்காய் வந்தது. சிலேட்டு வந்தது. நான் காத்திருந்தேன். நான்கு வருஷமாக எண்ணெய் படாத தலைக்காரியின் மூக்கு அது. மெதுவாக, எங்கள் தோப்புக் கொப்பரைக் களத்தில் வெயில் ஏறும்போது எழும்புகிற அந்த வாசம் வந்தது.

"யெஸ்" என்றேன்.

வால்டர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினார்.